பியூஸ் போனால் பாட்டுதான் நிற்கும். கம்பி சுற்றினால் வண்டியே எரியும்!

சயானில் தொடங்கி விக்ரோலி வழியாகத் தாணே நோக்கிச் செல்லும் லால் பகதூர் சாஸ்திரி சாலைக்கும் மோட்டார் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. மும்பை டாக்சி என்றாலே நினைவுக்கு வரும் பிரீமியர் பத்மினி கார்கள், இதே சாலையில் குர்லாவில் இருந்த ஆலையில் உருவானவை. கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவாயிற்று. இருபது ஆண்டுக் கெடு முடிந்து 2023 அக்டோபரில் அந்த வகை டாக்சிகள் விடைபெற்றன. வண்டிகள் மாறிவிட்டன. ஆனால் நெரிசலில் ஊர்ந்து செல்லும் டிரைவருக்கு இன்றும் பாட்டுதான் துணை.

அந்தப் பாட்டு திடீரென்று நின்று, புது பியூஸ் போட்டாலும் அதுவும் போய்விட்டால் என்ன செய்வது? இங்கேதான் பலர் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவார்கள். செம்புக் கம்பியைக் கட்டுவார்கள். 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியரைச் செருகுவார்கள். பாட்டு மறுபடி கேட்கும். ஆனால் வண்டிக்குக் காவல் போய்விட்டது.

பியூஸ் எதற்குக் காவல்?

ஸ்டீரியோவைக் காப்பதற்கே பியூஸ் என்று நினைப்பவர்கள் உண்டு. அது முதலில் காப்பது வயரைத்தான். 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிப்பதில்லை என்பதால் அலட்சியம் வருகிறது. ஆனால் ஷார்ட் ஆனால் கார் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். மெல்லிய வயர் பழுக்கக் காய்ந்து, மேலுறை உருகி, டாஷ்போர்டுக்குள்ளேயே தீ பிடிக்கும். அதற்கு முன் தான் உருகி மின்சாரத்தைத் துண்டிப்பதே பியூஸின் வேலை.

1976-இல் அமெரிக்காவில் அறிமுகமாகி இன்று எங்கும் பரவிவிட்ட இரண்டு கால் பியூஸ்களுக்கு நிறமே அடையாளம். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பை எடுத்த இடத்தில் சிவப்பையே போட வேண்டும்.

எப்போது போகிறது?

பியூஸ் போகும் நேரத்தைக் கவனித்தால் பாதிக் கோளாறு தெரிந்துவிடும்.

சாவியைத் திருப்பும் முன்பே, செருகியவுடன் போகிறதா? பாட்டரியிலிருந்து நேரே வரும் வயரில் கோளாறு இருக்கலாம். கடையில் வாங்கிப் பொருத்தும் செட்களில் இது பெரும்பாலும் மஞ்சள் வயர். செட்டின் பின்னாலுள்ள பிளக்கைக் கழற்றிவிட்டுப் புது பியூஸ் போடுங்கள். அப்போதும் போனால் குற்றம் வயரில். போகாவிட்டால் செட்டுக்குள்ளே, அதை ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி.

சாவியைத் திருப்பியதும் போகிறதா? சாவி வழியாக வரும் சிவப்பு வயரைப் பாருங்கள். பல கார்களில் சிகரெட் லைட்டர் குழிக்கும் ஸ்டீரியோவுக்கும் ஒரே பியூஸ்தான். அந்தக் குழிக்குள் விழுந்த ஒரு ரூபாய் நாணயமே ஷார்ட்டுக்குப் போதும்!

ஒலியைக் கூட்டும்போது போகிறதா? கதவுக் கீல் அருகே மடங்கி மடங்கித் தேய்ந்த ஸ்பீக்கர் வயர் வண்டியின் தகட்டைத் தொடக்கூடும். ஆம்ப்ளிபயரை ஸ்டீரியோ வயரிலேயே இணைத்திருந்தாலும் இப்படி ஆகும். ஆம்ப்ளிபயருக்குப் பாட்டரியிலிருந்து தனியே தடித்த வயரும், பாட்டரிக்கு அருகே, சுமார் 45 சென்டிமீட்டருக்குள், தனி பியூஸும் தேவை.

பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் போகிறதா? தகட்டு ஓட்டை வழியாக ரப்பர் வளையம் இல்லாமல் இழுத்த வயர் உராய்ந்து தோலுரிந்திருக்கும். மழைக்காலத்தில் மும்பைச் சாலைகளின் பள்ளங்களும் ஈரமும் சேர்ந்தால் இது இன்னும் சீக்கிரம் வெளிப்படும்.

ஒரு பல்பு போதும்

ஷார்ட்டைத் தேடப் பத்து பியூஸ்களைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு வாங்கி, அதன் இரு வயர்களையும் பியூஸ் இருந்த இடத்தின் இரு முனைகளிலும் இணையுங்கள். அந்த பியூஸில் ஓடும் எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. பல்பு 2 ஆம்பியருக்கு மேல் விடாது. எனவே வயர் கருகாது. இனி வயரை அங்கங்கே மெல்ல அசைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ, அங்கேதான் குற்றம்.

தோலுரிந்த இடத்தைச் சரிசெய்யும் முன் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். புதிய கார்களில் ஏர்பேக் வயர்களும் மஞ்சள் உறையில் வருவதுண்டு. அவற்றைத் தொடவே கூடாது. சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைப்பதே நல்லது.

முதலாளியின் காரை ஓட்டுகிறவருக்கும், கடன் வாங்கி டாக்சி எடுத்தவருக்கும் வண்டிதான் சோறு. பியூஸின் விலை சில ரூபாய். அதே அளவில் இரண்டு மூன்றை வண்டியில் போட்டு வையுங்கள். இரண்டாவதும் போய்விட்டால் மூன்றாவதைப் போடாதீர்கள். ஷார்ட்டைக் கண்டுபிடிக்கும்வரை பாட்டில்லாமலே வண்டி ஓடட்டும்.