மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மென்பொருள்!

நாம் கூகுளில் ஒன்றைத் தேடினாலும், யூடியூபில் வீடியோ பார்த்தாலும் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் கம்ப்யூட்டர்கள் சூடாகின்றன. அவற்றைக் குளிர்விக்கவே ஏராளமான மின்சாரம் செலவாகிறது.

வெளியே அடிக்கும் வெயிலும் உள்ளே நடக்கும் வேலையும் நேரத்துக்கு நேரம் மாறும். எப்போதும் ஒரே அளவில் குளிரூட்டினால் மின்சாரம் வீண்தான். இந்த மாற்றங்களைக் கவனித்து, தன் செயல்பாட்டைத் தானே மாற்றிக்கொள்ளும் மென்பொருள் இங்கே கைகொடுக்கிறது.

கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் அப்படி ஒன்றை உருவாக்கியது. குளிரூட்டும் மின்செலவு 40 சதவீதம் வரை குறைந்ததாக 2016-ல் அறிவித்தது. அப்போது மென்பொருள் யோசனை மட்டும் சொல்லும், ஊழியர்கள் அதைச் செயல்படுத்துவார்கள். 2018-ல் அந்தப் பொறுப்பும் மென்பொருளிடமே ஒப்படைக்கப்பட்டது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான சென்சார்களின் அளவுகளைப் பார்த்து அடுத்த நடவடிக்கையை அதுவே முடிவு செய்கிறது.

கணிப்பு தவறினால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர்கள் சூடேறிச் சேவையே நின்றுபோகலாம். எனவே ஒவ்வொரு முடிவும் பாதுகாப்பு வரம்புக்குள் இருக்கிறதா என்று சரிபார்க்கப்படுகிறது. ஊழியர்கள் எந்த நேரமும் கட்டுப்பாட்டைத் தங்கள் கைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

டீப்மைண்டுடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட 'அடாப்டிவ் பேட்டரி' வசதி 2018-ல் ஆண்ட்ராய்டு 9 போன்களுக்கும் வந்தது. நாம் அரிதாகத் திறக்கும் ஆப்களின் பேட்டரி செலவை அது குறைக்கிறது. வேண்டாமென்றால் செட்டிங்ஸில் நாமே நிறுத்திவிடலாம்.