கல்லமேட்டுக் காலெலும்பு

மண்ணுக்குள் ஒரு கடல் – 14

புதுக்கோட்டையில் டைனோசர் பித்துப் பிடித்த பிள்ளைகளுக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. சுற்றிலும் இத்தனை பாறை கிடக்கிறதே, ஒன்றிலாவது ஓர் எலும்பு இருக்கக் கூடாதா? எனக்கும் அந்தக் குறை இருந்தது. குடுமியான்மலைக்கோ நார்த்தாமலைக்கோ போனால் எல்லோரும் கோயிலுக்குள் போவார்கள். நான் வெளியே பாறையைத் தடவிக்கொண்டு நிற்பேன். எங்காவது ஒரு பல், ஒரு நகம்? பத்து வயதில் அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

கிடைக்காது என்பது பின்னால்தான் தெரிந்தது. மாவட்டத்தின் மேற்கே எழுந்து நிற்கும் இந்தக் குன்றுகள் பூமிக்குள் வெகு ஆழத்தில், பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான பாறைகள். அந்தச் சூட்டில் எந்த எலும்பும் மிஞ்சாது. அதோடு, டைனோசர் தோன்றியதே சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். சித்தன்னவாசல் பாறை அதற்கு வெகுகாலம் முன்பே இறுகிவிட்டது. டைனோசர் நடந்த நாளிலும் அது பழைய பாறைதான். இதை ஓவிய ஆசிரியரான என் நண்பரிடம் முதன்முதலில் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை. "அப்ப நம்ம கல்லுதான் மூத்தது" என்றார்.

அந்த நண்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருக்கோகர்ணத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் சமஸ்தான காலத்தில், 1910இல் தொடங்கியது. அதன் நிலவியல் பிரிவில் ஒருநாள் ஒருவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கல்லைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். நானும் நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க" என்றார். இன்றுவரை எங்கள் பழக்கத்தின் ஆதாரம் அந்த ஒரு வாக்கியம்தான். இன்று நாங்கள் ஏழு பேர். இரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒருவர் ஆலங்குடிப் பக்கம் முந்திரி விவசாயம் செய்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு யார் வீட்டிலாவது கூடி வரைவோம்.

புதுக்கோட்டையில் எலும்பு இல்லை என்றாலும், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே வடக்கில் இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மண் ஒரு காலத்தில் கடலடி. பாடாலூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஊட்டத்தூரின் பெயரால் ஒரு பாறைத் தொகுதியே உலக நிலவியல் நூல்களில் வழங்குகிறது. 1840களில் சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த கேய், கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் சேர்ந்து சேகரித்த சிப்பிகளும் நத்தைகளும் லண்டனுக்குப் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் வந்து பாறைகளை அளந்து அடுக்குப் பிரித்தார். அந்த அடுக்குகளில் கிடைத்த உயிர்களைத் தொகுதி தொகுதியாக எழுதி வைத்தவர் ஸ்டோலிஸ்கா. இந்த மண்ணின் கதையைத் தனியாளாக யாரும் சொன்னதில்லை. ஒருவர் பொறுக்குவார், ஒருவர் அளப்பார், ஒருவர் வரைவார்.

போன வாரம் இந்தத் தொடரை, அந்தக் கடலடி மண்ணில் இருக்கும் காரைப் பள்ளத்தாக்கில் நிறுத்தியிருந்தேன். அங்கே கையில் எடுத்த ஒன்றை மட்டும் இப்போது காட்டுகிறேன். விரல் நீளம். ஒரு முனை கூர்மை, துப்பாக்கி ரவை மாதிரி. தேன் நிறம். உடைந்த முனையைத் திருப்பிப் பார்த்தால் நடுப்புள்ளியிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள்போல நுண்ணிய கோடுகள் ஓடுகின்றன. இதன் பெயர் பெலம்னைட். கணவாய் மீனின் தூரத்து உறவான ஓர் உயிருக்குள் இருந்த கெட்டிப் பாகம் இது. காரையின் வெடித்த களிமண்ணில், ஜிப்சம் தகடுகள் வெயிலில் மினுங்கும் இடங்களில், சிதறிக் கிடக்கும். எங்கள் குழுவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கும் கணவாய் மாதிரி மை இருந்துச்சா சார்?" என்று கேட்டாள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கணவாய் வாங்கிச் சமைக்கிற வீட்டுப் பெண். மை தெறிப்பதை அவளுக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருந்தது. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் தச்சர் மகள் மேரி ஆனிங், பாறைக்குள் இருந்த பெலம்னைட்டில் அந்த மைப்பையையே கண்டுபிடித்தார். உலர்ந்து கல்லாகிவிட்ட மை. அவருடைய தோழி எலிசபெத் ஃபில்பாட் அதைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அதைத் தொட்டே இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் மண்டையோட்டை வரைந்தார். 1833 டிசம்பரில் அவர் எழுதிய கடிதம் ஒன்றில் அப்படி ஓர் ஓவியம் இருக்கிறது. வரையப்பட்ட உயிரும் மை தந்த உயிரும் ஒரே கடலில் நீந்தியவை. ஒன்று மற்றதைத் தின்றும் இருக்கும். ஆனிங் ஏழை, ஃபில்பாட் வசதியானவர், வயதிலும் சுமார் இருபது ஆண்டு மூத்தவர். ஊர் வழக்கப்படி இருவரும் ஒன்றாகக் கடற்கரையில் குனிந்து கல் பொறுக்கியிருக்கக் கூடாது. பொறுக்கினார்கள்.

ஆனிங் பணமுடையில் இருந்தபோது இன்னொரு நண்பரும் கைகொடுத்தார். ஹென்றி டி லா பெச் என்ற நிலவியலாளர் 1830இல், ஆனிங் கண்டெடுத்த உயிர்களெல்லாம் ஒரே கடலில் நீந்துவதும் கடித்துக்கொள்வதுமாக ஒரு நீர்வண்ண ஓவியம் தீட்டினார். அதை அச்சடித்து விற்ற பணம் ஆனிங்குக்குப் போனது. தொல்லுயிர் எச்சங்களை ஆதாரமாக வைத்து மறைந்த உலகம் ஒன்றை முழுக் காட்சியாகத் தீட்டியதில் முதல் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இன்று உலகமெங்கும் டைனோசர் வரையும் அத்தனை பேருக்கும் அதுவே ஆதிப் படம். அது பிறந்தது ஒரு சிநேகிதியின் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காக. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எங்கள் பிள்ளைகள் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள்.

இப்போது கல்லமேட்டுக்கு வருகிறேன். அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர் அது. அங்கே இருப்பது கடல் மண் அல்ல. டைனோசர் காலத்தின் கடைசியில் ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் களியும். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே சில எலும்புகளைக் கண்டார்கள். இடுப்பெலும்பு ஒன்று, தொடையெலும்பின் துண்டு, முழங்காலுக்குக் கீழே உள்ள காலெலும்பு, முன்கை எலும்பு, வால் முள்ளெலும்பு ஒன்று. அந்தக் காலெலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர். 1987இல் அந்த விலங்குக்கு 'புருஹத்காயோசாரஸ் மாட்லியி' என்று பெயரிட்டார்கள். பெருத்த உடல் கொண்டது என்பது முதல் பாதியின் பொருள். பின்பாதி, இந்திய டைனோசர்களை முன்பு ஆராய்ந்த சார்லஸ் மாட்லியின் நினைவாக. முதலில் அதை ஊனுண்ணி என்று நினைத்தார்கள். 1995இல் சங்கர் சாட்டர்ஜி, இது நீண்ட கழுத்துடைய தாவரவுண்ணி என்றார். இன்று பெரும்பாலோர் அதையே ஏற்கிறார்கள்.

ஆனால் எலும்பு இப்போது இல்லை.

ஈரம் ஏறி உலர்ந்து, ஏறி உலர்ந்து விரிசல் கண்ட எலும்பு அது. மாவுக்கட்டுப் போட்டும் தாங்கவில்லை. பொடிந்து போயிற்று. மிஞ்சியவை அந்தக் கட்டுரையில் இருந்த சில கோட்டுப் படங்களும் அளவுகளும்தான். அதனால் வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் சந்தேகப்பட்டார்கள். எலும்பே அல்ல, கல்லான மரமாக இருக்கலாம் என்றுகூடச் சொன்னார்கள். சொல்வதற்கு முகாந்திரமும் இருந்தது. அதே வட்டாரத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் படுத்திருக்கிறது, 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டது. ஆனாலும் எனக்கு அந்தச் சந்தேகம் வலித்தது. நம் மண்ணின் ஆகப் பெரிய பிள்ளையை, பிறக்கவே இல்லை என்று சொல்வது மாதிரி இருந்தது.

2022இல் சௌரப் பால் என்பவரோடு சேர்ந்து அய்யாசாமி, அன்று களத்தில் எடுத்த பழைய புகைப்படங்களை வெளியிட்டார். மண்ணில் பாதி புதைந்து, மாவுக்கட்டு போட்ட நிலையில் எலும்புகள். மங்கல்தான். ஆனாலும் எலும்பு. அடுத்த ஆண்டே கிரிகோரி பால், அசியேர் லாரமெண்டி என்ற இருவர் அதன் எடையை 110 முதல் 170 டன் வரை மதிப்பிட்டார்கள். இருந்த அளவுகளை வைத்துச் செய்த ஊகம்தான், உறுதி அல்ல. ஆனால் அது சரியென்றால், நீலத் திமிங்கிலத்தோடு சரிக்குச் சரி நிற்கக்கூடிய உயிர் ஒன்று அரியலூர் ஆற்றங்கரையில் தழை தின்று திரிந்திருக்கிறது.

நான் இங்கே கவனிப்பது பெயர்களை. 1979இல் திருச்சிப் பாறைகளில் கிடைத்த இன்னொரு விலங்குக்கு 'திராவிடோசாரஸ்' என்று பெயர் வைத்தவர்களும் இதே யாதகிரியும் அய்யாசாமியும்தான். அது முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசர் வகையா, கடல் ஊர்வனவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 2017இல் அந்த வழக்கில் பீட்டர் கால்டனோடு சேர்ந்து அய்யாசாமி மறுபடி எழுதினார். 2022இல் சௌரப் பாலோடு. 43 ஆண்டுகளில் கூட நிற்கும் பெயர் மாறிக்கொண்டே வந்தது, அவர் அந்த மண்ணை விடவில்லை. பொடிந்துபோன எலும்பைத் தாங்கிப் பிடித்தது அந்தப் பிடிவாதமும், கூட வந்து நின்ற கைகளும்தான். கண்ட இடத்தில், கண்ட நாளில் வரைந்து அளந்து வைக்காமல் இருந்திருந்தால் கூட நிற்கவும் எதுவும் இருந்திருக்காது. ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு நான் கறாராகச் சொல்வது இதுதான்: காரையில் கல்லைப் பையில் போடாதே. கிடந்த இடத்திலேயே வரை, ஸ்கேல் வைத்து அள, பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிட்டுக் காட்டு. 2020 அக்டோபரில் குன்னத்தில் டைனோசர் முட்டை என்று செய்தி பரவி ஊரே திரண்டபோது, அவை அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிர்களைச் சுற்றி இறுகிய உருண்டைக் கற்கள் என்று நிலவியலாளர்கள் விளக்க வேண்டியிருந்தது. பொறுமையாக உட்கார்ந்து ஒன்றை வரைந்து பார்ப்பவனுக்கு முட்டையின் ஓட்டுக்கும் கல்லின் தோலுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் தட்டுப்படும்.

சித்தன்னவாசல் குகைக்கோயிலில் தாமரைக் குளத்தைத் தீட்டியவர்கள் அப்படி உட்கார்ந்து பார்த்தவர்கள். மீன் எப்படித் திரும்பும், எருமை எப்படித் தண்ணீருக்குள் கிடக்கும் என்று தெரிந்த கை அது. ஒன்பதாம் நூற்றாண்டின் வண்ணம் இன்று பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த இடம் எப்படி இருந்தது என்று தெரிவது, முன்பே வந்து பிரதி எடுத்தவர்களால்.

கடந்த சித்திரையில் எங்கள் கூட்டம் முந்திரி விவசாயி வீட்டில். செம்மண் களம், நன்றாகச் சாணி மெழுகியது. கல்லமேட்டுக் காலெலும்பை நிஜ அளவில் வரைவது என்று முடிவானது. டேப் பிடித்து 2 மீட்டர் குறித்தோம். ஓவிய ஆசிரியர் சாக்பீஸால் தொடங்கினார், மண்ணில் ஒட்டவில்லை. விவசாயி வீட்டு அப்பத்தா உள்ளே போய்க் கோலமாவு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டியது. பிறகு எங்கள் கையைப் பார்த்துப் பொறுக்காமல் தானே குனிந்து இழுத்தது. எழுபது வயதைத் தாண்டிய விரல்களிலிருந்து, எங்கும் அறாமல், அந்த எலும்பின் விளிம்பு இறங்கியது. ஏழாம் வகுப்புப் பெண் அதன் பக்கத்தில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். அவள் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் எலும்பு நீண்டிருந்தது. அதைவிட உயரமான ஆள் எங்களில் யாருமில்லை.

1.2 மீட்டருக்கு இடுப்பெலும்பு. தொடைத் துண்டு, கை, வால் முள். ஐந்தையும் போட்டு முடித்தபோது களத்தின் கால்வாசிகூட நிறையவில்லை. மீதி உடம்பை எப்படி வரைவது என்று சண்டை வந்தது. கழுத்து எத்தனை நீளம், வால் எங்கே முடியும்? தெரிந்தது அவ்வளவுதான், இத்தோடு நிறுத்த வேண்டும் என்றேன் நான். இல்லாததை வரையாவிட்டால் ஓவியன் எதற்கு என்றார் நண்பர்.

அப்பத்தா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தது. "என்னத்துக்குச் சண்டை? புள்ளி அஞ்சுதான இருக்கு. அஞ்சு புள்ளிக்கும் எத்தனையோ கோலம் உண்டு. ஆளுக்கொண்ணா போட்டுப் பாருங்க."

அன்று களத்தில் ஏழு விலங்குகள் வரைந்தோம். எட்டாவதை அப்பத்தா போட்டது. அதன் வால் களத்தைத் தாண்டி, முந்திரி மரத்தடி வரை போய்விட்டது.