பெற்றவளுக்கு இரண்டாம் இடமா?

பத்துத் திங்கள் சுமந்தவள் தாய். பாலூட்டியவள் தாய். காய்ச்சல் கண்ட இரவெல்லாம் கண்விழித்துக் காத்தவள் தாய். ஆனால், பிள்ளைக்குக் கார்டியன் யார் என்று சட்டத்தைக் கேளுங்கள், "தகப்பன்! அவனுக்குப் பின்னர்தான் தாய்!" என்கிறது.

1956-ஆம் ஆண்டு வந்த இந்து மைனர், கார்டியன் சட்டத்தின் ஆறாவது பிரிவு இது. ஐந்து வயது முடியும்வரை பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கட்டுமாம். கார்டியன் பட்டம் மட்டும் தகப்பனுக்காம்! தொட்டிலாட்ட ஒரு கை, கையெழுத்துப் போட வேறொரு கை! இன்னொரு வேடிக்கை கேளுங்கள். மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு, அதே சட்டம் தாயையே முதல் கார்டியன் ஆக்குகிறது. தாலி ஏறியதும் தாயின் தகுதி இறங்கிவிடுகிறதா? நாம் கேட்கிறோம்.

எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம்பதியர் 1984-இல், தாயே கார்டியன் என்று குறித்து, மகன் பெயரில் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தனர். தகப்பன் கையொப்பம் எங்கே என்றது வங்கி. வழக்கு உச்சநீதிமன்றம் ஏறியது. 1999-இல் தீர்ப்பு வந்தது: தகப்பன் செத்த பின்னர்தான் என்பதில்லை, அவன் பிள்ளையைக் கவனியாதபோதும் தாயே கார்டியன்! நல்ல தீர்ப்பு. ஆயினும் பாதி வழிதான். 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில், இருவரையும் சமமாக்குக, பிள்ளைக்கு நலமெனில் கூட்டுப் பொறுப்பும் தருக என்றது. ஏட்டிலோ அந்தப் 'பின்னர்' அப்படியே கிடக்கிறது!

தோழர்களே! தாய்க்குச் சமஇடம் தந்தால் தகப்பன் தெருவில் நிற்பானோ என்று அஞ்ச வேண்டாம். மனைவியைப் பிரிந்தவன், குறித்த நாளில் குறித்த மணியில் பெற்ற பிள்ளையை விருந்தாளிபோல் பார்த்துத் திரும்புகிறானே, அவனுக்கும் கூட்டுப் பொறுப்பு வாழ்வளிக்கும். ஆனால், உரிமை கேட்டு நீளும் கை, பள்ளிச் சம்பளம் கட்டவும் நீள வேண்டும். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கவும் நீள வேண்டும். அடிக்க ஓங்கும் கைக்கு அந்த உரிமை கிடையாது. பிள்ளையின் நலனே தலையாயது என்று இதே சட்டத்தின் பதின்மூன்றாவது பிரிவு பேசுகிறதே!

பாகம் பிரித்துக்கொள்ளப் பிள்ளை என்ன, பாட்டன் விட்டுப்போன தோப்பா? பெற்றவர் இருவர், பொறுப்பும் இருவருக்கே. 'பின்னர்' போகட்டும், 'இருவரும்' என்று எழுதட்டும்! அதுவரை, நம் வீட்டில் நாமே அதை எழுதிக் காட்டுவோம்!