ஒரு வளவில் எத்தனை வீடு?

நெடுஞ்சாலை 401 ரொறன்ரோவின் ஸ்காபரோவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அதற்கு வடக்கே, ஸ்காபரோ வடக்கு வட்டாரத்தில் உங்களுக்கு ஒரு வளவு இருந்தால் அதில் ஆறு வீடுகள் கொண்ட சிறிய மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டலாம். சிறப்பு அனுமதி கேட்டு எவர் முன்னும் போய் நிற்கத் தேவையில்லை. நெடுஞ்சாலைக்குத் தெற்கே, ஸ்காபரோ சென்டர் வட்டாரத்தில், அதே அளவு வளவில் நான்கு வீட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 2025 ஜூனில் ரொறன்ரோ மாநகரசபை எடுத்த முடிவு இது. மாநகரத்தின் 25 வட்டாரங்களில் ஒன்பதில் மட்டும் ஆறு வீடு. பழைய ரொறன்ரோவும் ஈஸ்ற் யோர்க்கும் சேர்ந்த எட்டு வட்டாரங்கள், அவற்றோடு 23ஆம் வட்டாரமான ஸ்காபரோ வடக்கு.

இந்த முடிவின் கனம் விளங்க வேண்டுமானால் வலய விதி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நிலத்துண்டில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரம், தெருவிலிருந்து எத்தனை அடி தள்ளி, எத்தனை குடும்பம் இருக்கலாம் என்று மாநகரசபை எழுதி வைத்திருக்கும் சட்டம்தான் அது. ரொறன்ரோவில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வோர் எழுத்துக் குறியீடு உண்டு. அவற்றுள் ஆர்.டி. என்ற இரண்டெழுத்தே மிக விரிந்தது. அந்த வலயத்தில் முன்பு நான்கு பக்கமும் சுவர் விலகிய தனி வீடு ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. குடியிருப்புக்கென வகுத்த நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் அண்மைக்காலம் வரை தனி வீட்டுக்கென்றே ஒதுங்கிக் கிடந்தது. திட்ட வரைபடத்தில் இந்தப் பகுதிகள் மஞ்சளாகத் தெரிவதால் நகரத் திட்டமிடலாளர்கள் இதை மஞ்சள் வலயம் என்பார்கள்.

இதன் வேர் பழையது. 1912இல் ரொறன்ரோ மாநகரசபை, பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களில் தொடர்மாடிகளைத் தடைசெய்து ஒரு துணைச்சட்டம் இயற்றியது. அதற்கு முந்திய ஆண்டுதான் சுகாதார அதிகாரி சார்ள்ஸ் ஹேஸ்ரிங்ஸ் நகரின் சேரிகளைப் பற்றித் தன் அறிக்கையை வெளியிட்டிருந்தார். நெருக்கமும் நோயும் பற்றிய நியாயமான அச்சம் அதில் இருந்தது. ஆனால் நல்ல கழிவறையும் காற்றோட்டமும் வேண்டும் என்று கேட்பதற்குப் பதிலாக, பல குடும்பம் ஒரு கூரையின் கீழ் இருப்பதையே குற்றமாக்கிவிட்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஸ்காபரோவின் பண்ணை நிலங்களில் வரிசை வரிசையாக பங்களாக்கள் எழுந்தபோது, இந்த மனப்பான்மையே விதியாக உறைந்தது. தொடர்மாடிகள் பேருந்து ஓடும் பெருந்தெருக்களின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. உள்தெருக்களுக்கு அவை வரவே முடியவில்லை.

1980களிலும் 90களிலும் இலங்கையிலிருந்து வந்த எங்கள் சனம் முதலில் வெலஸ்லி, பார்லிமென்ட் சந்திக்கு அருகே சென்ட் ஜேம்ஸ் டவுன் மாடிகளில் இறங்கியது. பிறகு ஸ்காபரோவுக்கு நகர்ந்தது. மாடிக்கும் தனி வீட்டுக்கும் நடுவில் அவர்கள் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ கூடிய வீடு அங்கே அநேகமாக இருக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது பேஸ்மென்ட். மளிகைக்கடை வாசலில் ஒட்டியிருக்கும் துண்டுக் காகிதங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தனி வாசல், தனிச் சமையலறை, பஸ் தரிப்புக்கு அருகில். மேலே இருக்கும் குடும்பம் அந்த வாடகையால் மோட்கேஜ் கட்டியது. கீழே இருந்த குடும்பம் அந்த வாடகைக்குள் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. ரொறன்ரோ முழுவதிலும் இத்தகைய இரண்டாம் வீட்டுக்குச் சட்டம் இடம் தந்தது 2000ஆம் ஆண்டில்தான். அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகளின் கதை இன்னும் மோசம். 1998இல் ஆறு நகரசபைகள் ஒன்றாக்கப்பட்ட பின்னும், பழைய ரொறன்ரோவில் உரிமம் எடுத்து நடத்தக்கூடிய அதே வகை வீடு ஸ்காபரோவிலும் நோர்த் யோர்க்கிலும் சட்டவிரோதமாகவே இருந்தது. 2024 மார்ச் 31 அன்றுதான் அந்த வேறுபாடு ஒழிந்தது.

சட்டத்துக்கு வெளியே வாழ்வது வெறும் காகிதப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். புகை எச்சரிக்கை மணி இல்லை, தப்பிக்கக்கூடிய அளவில் யன்னல் இல்லை என்று வாடகையாளர் முறையிட்டால், அதிகாரி வந்து வீட்டையே மூடச் சொல்லலாம். ஆகவே எவரும் முறையிடுவதில்லை. வீடுகள் தேவைப்பட்ட இடத்தில் அவை மறைவில் உருவாகின. மறைவில் உருவானதால் அவை ஆபத்தாக இருந்தன. விதி தளர்வதை நான் வரவேற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

தளர்வு ஒரே நாளில் வரவில்லை. 2018இல் பின்சந்து ஓரத்து வீடுகள், 2022இல் பின்வளவு வீடுகள் என்று ஒவ்வொரு கதவாகத் திறந்தது. 2021 டிசம்பரில் புதிய குடியிருப்புக் கட்டடங்கள் பெரும்பாலானவற்றில் இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதியை மாநகரசபை நீக்கியது. 2022 நவம்பரில் ஒன்ராறியோ மாகாண அரசு ஒரு வளவுக்கு மூன்று வீடு என்று சட்டம் கொண்டுவந்தது. 2023 மே மாதத்தில் ரொறன்ரோ அதையும் தாண்டி, எல்லாக் குடியிருப்புத் தெருக்களிலும் நான்கு வீடுகள் வரை உரிமைப்படி கட்டலாம் என்றது.

அந்த 'உரிமைப்படி'யில்தான் எல்லாம் இருக்கிறது. முன்பு ஒருவர் தன் வளவில் மூன்று வீடு கட்ட நினைத்தால், விதியிலிருந்து விலக்குக் கேட்டு ஒரு குழுவின் முன் போக வேண்டும். வீட்டு முற்றத்தில் அறிவிப்புப் பலகை நட வேண்டும். அயலவர்கள் வந்து பேசுவார்கள்: நிழல் விழும், கார் நிறையும், தெருவின் குணம் கெடும். குழு ஒப்புக்கொண்டாலும் அயலவர் மேன்முறையீடு செய்யும் வழி நெடுங்காலம் இருந்தது. மாதங்கள் போகும், கட்டடக் கலைஞருக்கும் சட்டத்தரணிக்கும் பணம் போகும், முடிவில் கிடைக்குமோ தெரியாது. பெரிய கம்பனி இந்தச் சுமையைத் தாங்கும். ஒரு வீட்டை வைத்திருக்கும் குடும்பத்தால் முடியாது. உரிமைப்படி என்றால், விதியில் எழுதிய அளவுக்குள் வரைபடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கட்டட அனுமதி தரப்படும்.

நான்கு வீடு என்றதும் பலர் கண்ணில் ஒரு கோபுரம் எழுகிறது. உண்மையில் என்ன வருகிறது என்று கிட்டப்போய்ப் பார்ப்போம். 40 அடி அகல வளவு. 1950களின் பங்களா ஒன்று. அதை எடுத்துவிட்டு எழும் கட்டடம் 10 மீற்றர் உயரம், அதாவது கூரை சரிந்த இரண்டரை மாடி வீட்டைவிட அதிகம் தூக்கலாகத் தெரியாது. பாதி நிலத்துக்குக் கீழே ஒரு வீடு, மேலே மூன்று. தெருவிலிருந்து பார்த்தால் ஒரே முன்வாசல். வாசலுக்குப் பக்கத்தில் நான்கு தபால் பெட்டி, பக்கச்சுவரில் நான்கு மின்மானி, வேலி ஓரத்தில் குப்பைத் தொட்டிகள் கூடுதலாக. படியேற முடியாத அப்பம்மாவுக்குத் தரைவீடு, கலியாணம் முடித்த மகளுக்கு நடுவீடு, மற்ற இரண்டும் வாடகைக்கு என்று ஒரு குடும்பம் கணக்குப்போடலாம். ஒரே அடுப்பில் சமைத்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி இல்லாமல் ஒரே முகவரியில் இருக்கலாம். எங்கள் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இனி, நுணுக்கங்கள். விதி மாறியதும் வீடு முளைத்துவிடாது. அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் 2018 டிசம்பரில் எல்லாத் தெருக்களிலும் மூன்று வீட்டுக் கட்டடத்துக்கு இடமளிக்கும் திட்டத்தை ஏற்று உலகச் செய்தியானது. ஆனால் உட்தெருக்களில் எழுந்த மூன்று வீட்டுக் கட்டடங்கள் மிகக் கொஞ்சம். கட்டடத்தின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய ஒரு தனி வீட்டின் அளவைத் தாண்டக்கூடாது என்று வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டிக்குள் மூன்று குடும்பத்தை எப்படி அடக்குவது? ரொறன்ரோ 2023இல் இந்தத் தவறைத் தவிர்த்தது. பல வீட்டுக் கட்டடங்களுக்குப் பரப்பளவு வீதக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, உயரம், ஆழம், ஒதுக்கம் ஆகியவற்றால் மட்டும் கட்டுப்படுத்தியது. நான்கு வீடு வரை மேம்பாட்டுக் கட்டணமும் கேட்கவில்லை.

அப்படியிருக்க, நான்கிலிருந்து ஆறுக்கு ஏன் இத்தனை போராட்டம்? விடை வங்கியில் இருக்கிறது. கனடிய அடமான, வீடமைப்புக் கூட்டுத்தாபனத்தின் வாடகைக் கட்டடங்களுக்கான சலுகைத் திட்டம் ஐந்து வீடும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கே பொருந்தும். அதில் தகுதி பெற்றால் செலவின் 95 சதவீதம் வரை கடன் கிடைக்கும். திருப்பிக் கட்ட 50 ஆண்டு வரை அவகாசம். நான்கு வீடு கட்டுபவருக்கு இந்தக் கதவு மூடியிருக்கும். மேலே சேரும் அந்த இரண்டு வீடுதான் பல வளவுகளில் கணக்கைச் சரிக்கட்டும்.

எதிர்ப்புகளில் சிலவற்றை நான் மதிக்கிறேன். புது வீடு மலிவாக இராது என்பது உண்மை. புதிதாகக் கட்டிய இரண்டு அறை வீட்டின் வாடகை பழைய பேஸ்மென்ட் வாடகையைவிட நிச்சயம் கூடும். விலையில் மாற்றம் வர ஆண்டுகள் பிடிக்கும், அதுவும் நகரம் முழுவதும் விதி தளர்ந்தால்தான் வரும். நியூசிலாந்தின் ஓக்லன்ட் 2016இல் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் அடர்த்தியைக் கூட்ட இடமளித்தது. அந்த ஆண்டில் 10,000 அளவில் இருந்த வீட்டு அனுமதிகள் அடுத்த ஆறு ஆண்டுக்குள் இரட்டிப்பாயின. சில தெருக்களில் மட்டும் தளர்த்தியிருந்தால் அந்தச் சில வளவுகளின் விலைதான் ஏறியிருக்கும்.

என்னை உறுத்தும் எதிர்வாதம் வேறு. பங்களாவை இடிக்கும்போது அதன் பேஸ்மென்டில் இருக்கும் குடும்பம் எங்கே போகும்? வாடகை வீடுகளை இடிப்பவர் அவற்றுக்கு ஈடு கட்டித்தர வேண்டும் என்ற ரொறன்ரோ விதி, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடத்துக்கே செல்லும். ஐந்துக்குக் குறைந்த வீடுகள் உள்ள கட்டடமானால், மாகாணச் சட்டப்படி 120 நாள் அறிவித்தலும் ஒரு மாத வாடகை நட்டஈடுமே வாடகையாளருக்கு உரியவை. ஒரு மாத வாடகையை வைத்துக்கொண்டு ரொறன்ரோவில் ஒருவர் என்ன செய்வார்? வலய விதியைத் தளர்த்துவோர் இந்த ஓட்டையையும் அடைத்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். ஒன்றைக் காரணம் காட்டி மற்றதை நிறுத்தத் தேவையில்லை.

கார், மரம், பள்ளிக்கூட நெருக்கடி என்ற மற்ற ஆட்சேபங்களில் கடைசியானது தலைகீழானது. தனி வீட்டுத் தெருக்கள் பலவற்றில் பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிட்டார்கள். மாநகரம் பெருக, அந்தத் தெருக்களில் சனம் குறைந்திருக்கிறது. ஐந்து அறை வீட்டில் முதியவர் இருவர் இருக்க, அருகிலுள்ள பள்ளியின் வகுப்பறைகள் காலியாகின்றன.

இவ்வளவுக்கும் பின் ஒன்பது வட்டாரத்தோடு மாநகரசபை நின்றது பெரும் ஏமாற்றம். 2023 டிசம்பரில் மத்திய அரசு வீடுகட்டலை விரைவுபடுத்த ரொறன்ரோவுக்கு 471 மில்லியன் டொலர் தருவதாக ஒப்பந்தம் செய்தது. ஆறு வீட்டை நகரெங்கும் அனுமதிக்கும் வழியில் மாநகரசபை போகும் என்பதும் அந்தப் பேச்சில் அடக்கம். ஸ்காபரோவிலும் நோர்த் யோர்க்கிலும் எற்றோபிகோவிலும் பல உறுப்பினர்கள் வாக்காளரின் சினத்துக்கு அஞ்சினார்கள். எட்மன்டன் நகரம் 2024 ஜனவரியிலிருந்தே பெரும்பாலான உட்தெரு வளவுகளில் எட்டு வீடு வரை அனுமதித்து நடத்திக்கொண்டிருந்தபோது, அதைவிடப் பல மடங்கு வீட்டு நெருக்கடி உள்ள ரொறன்ரோ ஆறைக் கண்டு தயங்கியது. 1998இல் ஒன்றான நகரம் அறைவீடுகளில் கால் நூற்றாண்டு இரண்டு சட்டம் வைத்திருந்தது போதாதா?

மாநகரசபை எடுத்த முடிவில் ஒரு வழி திறந்தே வைக்கப்பட்டது. மற்ற 16 வட்டாரங்களும் விரும்பினால் சேர்ந்துகொள்ளலாம். அந்தந்த உறுப்பினர் கேட்க வேண்டும். 23ஆம் வட்டாரம் சேர்ந்ததும் அதன் உறுப்பினர் ஜமால் மையர்ஸ் முன்கூட்டியே தன் வட்டாரத்தில் இதை ஆராயும்படி கேட்டிருந்ததால்தான். பொதுக்கூட்டங்களில் நிழலையும் காரையும் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வீடு உள்ளவர்கள். பேஸ்மென்டில் இருப்பவர்களும், பிள்ளைக்கு அருகில் ஒரு வீடு தேடும் பெற்றோரும் தங்கள் வட்டார உறுப்பினரின் அலுவலகத்தை அழைத்து, ஏன் இன்னும் கேட்கவில்லை என்று விசாரிக்கலாம். மாநகரசபையின் 311 இலக்கத்தில் தமிழிலும் பேசலாம். உரைபெயர்ப்பாளரை இணைத்துத் தருவார்கள்.