நடைப்பொறியும் காலடி அதிர்ச்சியும்

உரித்த தேங்காய் ஒன்று கைதவறிச் சீமெந்துத் தரையில் விழுந்தால் உடைந்து போகின்றது. அதே உயரத்திலிருந்து மணற்பரப்பில் விழுந்தால் அஃது ஊறின்றிக் கிடக்கின்றது. தேங்காயின் எடை மாறவில்லை. விழுந்த வேகமும் மாறவில்லை. அத்தேங்காய் ஓய்வடைவதற்குக் கிடைத்த நேரம் மட்டுமே மாறியது. சீமெந்துத் தரை அதனைக் கணப்பொழுதில் நிறுத்திவிடுகின்றது. மணலோ விலகிக் கொடுத்துச் சிறிது சிறிதாக நிறுத்துகின்றது. நிறுத்தும் நேரம் குறையக் குறையத் தாக்கும் விசை பெருகும். நேரம் கூடக் கூட விசை தணியும். நியூற்றன் வகுத்த இயக்க விதிகளிலிருந்து பெறப்படும் இவ்வுண்மையைப் பௌதிகம் பயிலாத கிரிக்கெட் வீரனும் அறிவான். விரைந்து வரும் பந்தைப் பிடிக்கும்போது அவன் கைகளைப் பின்னோக்கி இழுத்துக்கொள்வது இதன் பொருட்டே.

உடற்பயிற்சிக் கூடங்களிலும் பல இல்லங்களிலும் இன்று காணப்படும் ‘ட்ரெட்மில்’ எனும் நடைப்பொறியின் தளம் இதே உண்மையைத் தழுவி அமைக்கப்பட்டதாகும். நடப்பவர் அல்லது ஓடுபவரின் பாதம் படும் தளம் சற்றே அமிழ்ந்து கொடுத்து, அதிர்ச்சியைத் தணிக்கின்றது. அத்தணிப்பைப் பயன்படுத்துவோர் தம் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள பொறிகளும் உள்ளன. முழங்கால் நோவுள்ளவர், முதியவர், நோய் காரணமாக நடைப்பயிற்சி செய்யுமாறு வைத்தியரால் பணிக்கப்பட்டவர் ஆகியோர் இப்பொறிகளை நாடும்போது, “மென்மையான தளம் எதுவோ அதுவே நல்ல தளம்” என்று எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பது ஆராயத் தக்கது.

இப்பொறியின் பிறப்பு இனிமையானதன்று. 1818ஆம் ஆண்டிலே வில்லியம் கியூபிற் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், சிறைக் கைதிகளுக்கு வேலை கொடுக்கும் நோக்குடன் பெரியதொரு மிதிசக்கரத்தை வகுத்தார். கைதிகள் முடிவில்லாத படிக்கட்டில் ஏறுவது போன்று அதனை மிதித்துச் சுழற்றினர். சில சிறைகளில் அச்சக்கரம் தானியம் அரைத்தமையால், ‘மிதித்து இயக்கும் ஆலை’ என்னும் பொருள்படும் பெயர் அதற்கு நிலைத்தது. தண்டனைக் கருவியாய் இருந்த அப்பெயர், 1952ஆம் ஆண்டளவில் மருத்துவக் கருவியொன்றின் பெயராயிற்று. அமெரிக்காவின் வாஷிங்ரன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த இருதய வைத்தியர் ரொபேட் புரூஸ், பொறியியலாளர் வெயின் குவின்ரன் ஆகியோர், நடக்கும் நோயாளியின் இருதய இயக்கத்தைச் சோதிப்பதற்கு மோட்டாரால் இயங்கும் நடைப்பொறியைப் பயன்படுத்தினர். 1968ஆம் ஆண்டில் கெனத் கூப்பர் என்னும் வைத்தியர் ஓட்டப் பயிற்சியின் நன்மைகளை விளக்கி எழுதிய நூலைப் படித்த வில்லியம் ஸ்ரோப் என்பவர், இல்லத்தில் வைத்துக்கொள்ளத் தக்க எளிய நடைப்பொறியை உருவாக்கினார். சிறையிலிருந்து வைத்தியசாலைக்கும், வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கும் வந்தபின்னரே, மிதிப்பவரின் மூட்டுக்கள் பற்றிய கவலையும் இப்பொறியுடன் சேர்ந்துகொண்டது.

அக்கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒருவர் நடக்கும்போது தரை அவர் பாதத்தின் மீது செலுத்தும் விசை, அவருடைய எடையிலும் சிறிதளவே மிகையாகும். ஓடும்போதோ அது எடையின் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை உயர்கின்றது. 70 கிலோகிராம் எடையுள்ளவரின் ஒற்றைக் காலிலே அக்கணத்தில் 140 முதல் 210 கிலோகிராம் வரையான சுமை ஏற்றப்பட்டது போலாகின்றது. குதிக்கால் முதலில் தரையில் படும் ஓட்டத்தில், பாதம் பட்டு ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு கழிவதற்குள் கூரிய தாக்கமொன்று நிகழ்ந்துவிடுகின்றது. நிமிடத்துக்கு 160 அடி வீதம் அரைமணி நேரம் ஓடுபவர் 4,800 தடவை இத்தாக்கத்தை ஏற்கின்றார்.

இதனைத் தாங்குவதற்கு இயற்கை முதலிலேயே ஏற்பாடு செய்துள்ளது. குதிக்காலின் கீழுள்ள கொழுப்பு மெத்தை, வில்போல் வளைந்த உள்ளங்கால், கணுக்காலின் பின்னுள்ள தடித்த தசைநாண், மூட்டுக்களிலுள்ள குருத்தெலும்பு, முள்ளந்தண்டின் இடைத்தட்டுக்கள் ஆகிய யாவும் அதிர்ச்சி தாங்கிகளே. இவை எல்லாவற்றிலும் திறமை மிக்கது மடங்கும் முழங்காலும் அதனைக் கட்டியாளும் தொடைத் தசைகளுமாகும். மதிலிலிருந்து குதிப்பவன் முழங்காலை மடக்கியே தரையில் இறங்குவான். விறைத்த காலுடன் இறங்கினால் மண்டை வரை அதிர்ச்சி ஏறும்.

நடைப்பொறியின் தளம் இவ்வியற்கைத் தாங்கிகளுக்குத் துணை செய்வதாகும். ஓடும் பட்டி இரு உருளைகளைச் சுற்றி இழுக்கப்படுகின்றது. பட்டியின் கீழே, பாதத்தின் சுமையைத் தாங்குவதற்குத் தட்டையான பலகையொன்று கிடக்கின்றது. இப்பலகையை இரும்புச் சட்டகத்தின் மீது நேரே திருகாணியால் முடுக்கிவிட்டால், அது சீமெந்துத் தரைக்கு ஒப்பாகிவிடும். ஆகவே பலகைக்கும் சட்டகத்துக்கும் இடையே இறப்பர்த் துண்டுகளையோ, வில்களையோ, காற்றடைத்த பைகளையோ வைக்கின்றனர். பாதம் பட்டதும் இவை நெருங்கிச் சுருங்க, பலகை சிறிது தாழ்கின்றது. தாக்கும் நேரம் நீள்வதால் விசையின் உச்சம் தணிகின்றது.

ஆனால் எல்லோருக்கும் பொருந்தும் இறப்பர்த் துண்டு ஒன்று இல்லை. 50 கிலோகிராம் எடையுள்ள பெண்ணுக்கு அளவாக அமிழும் துண்டு, 100 கிலோகிராம் எடையுள்ள ஆண் ஓடும்போது முற்றாக நசுங்கி அடிதட்டிவிடும். அடிதட்டிய பின்னர் அத்துண்டு கல்லுக்கு நிகரே. மறுதலையாக, பாரமானவருக்கென அமைந்த தடித்த துண்டு, எடை குறைந்தவரின் காலடிக்குச் சற்றும் இணங்காது. தந்தையும் மகளும் ஒரே பொறியைப் பயன்படுத்தும் வீட்டிலே இவ்வேறுபாடு நாள்தோறும் எழும். தணிப்பை மாற்றியமைக்கும் வசதி தோன்றியதன் நியாயம் இதுவே.

மாற்றும் முறைகள் பலவகைப்படும். எளிய முறையிலே, பலகையின் பக்கங்களில் உள்ள குமிழைத் திருப்ப, அதனோடிணைந்த இறப்பர்த் தாங்கி பலகைக்கு அடியில் வந்து முட்டுக் கொடுக்கின்றது, அல்லது விலகிக்கொள்கின்றது. முட்டுக்கள் கூடினால் தளம் கடினமாகும், குறைந்தால் மென்மையாகும். காற்றுப் பைகள் உள்ள பொறியில் காற்றின் அமுக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் இதே பயனை அடையலாம். தாங்கிகளை முன்னும் பின்னும் நகர்த்தும் முறை மற்றொன்று. இரு முனைகளில் தாங்கப்பட்ட பலகை நடுவிலே எவ்வளவு வளையும் என்பது, தாங்கிகளுக்கு இடைப்பட்ட தூரத்தின் முப்படியைப் பொறுத்தது. தூரத்தை இரட்டித்தால் அதே பலகை அதே சுமைக்கு எட்டு மடங்கு வளையும். கால்வாயின் குறுக்கே போட்ட பலகைப் பாலத்தில் நடந்தவர் இதனை உணர்ந்திருப்பர். எனவே தாங்கிகளைச் சிறிது நகர்த்தினாலே தளத்தின் தன்மை பெரிதும் மாறிவிடும். சில பொறிகளில், பாதம் வந்து விழும் முன்பகுதி மென்மையாகவும், உந்தி எழும் பின்பகுதி உறுதியாகவும் அமைக்கப்படுகின்றன.

இங்கே இன்னொரு நுட்பமும் கவனிக்கத் தக்கது. அமிழும் தளங்கள் யாவும் ஒரே இயல்பின அல்ல. வில் போன்ற தளம் பெற்ற சக்தியைத் திருப்பித் தருகின்றது; மணல் போன்ற தளம் அதனை விழுங்கிவிடுகின்றது. மணலில் நடப்பதற்கு உறுதியான தரையில் நடப்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேலான சக்தி செலவாகும் என்று 1998ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கண்டது. மீளும் தளத்தின் கதை வேறு. ஹாவார்ட் பல்கலைக் கழகத்தின் உள்ளரங்க ஓடுபாதையைத் தோமஸ் மக்மஹன், பீற்றர் கிறீன் ஆகிய இருவரும் ஓடுபவரின் காலுக்கு இசைவாக அமிழ்ந்து மீளுமாறு வகுத்தனர். 1977ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அப்பாதையில் ஓட்டக்காரரின் வேகம் ஏறத்தாழ 2 முதல் 3 வீதம் உயர்ந்தது. காயங்களும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

நடைப்பொறியிலேயே இதனைச் சோதித்த ஆய்வு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. தளத்தின் விறைப்பை ஐந்து படிகளில் மாற்றத் தக்கதாக அமைத்து, எட்டு ஆடவரை அதில் ஓடச் செய்தனர். மிகக் கடினமான தளம் மிக மென்மையான தளத்தைப் போல் 12½ மடங்கு விறைப்புடையது. 70 கிலோகிராம் எடையுள்ளவர் ஓடும்போது மென்மையான தளம் இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்று மேலாகவும், கடினமான தளம் இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைவாகவும் அமிழும் என்று கணக்கிடலாம். மென்மையான தளத்தில் ஓடியபோது உடல் செலவிட்ட சக்தி 12 வீதம் குறைந்தது. அதே வேளையில் ஓடியவர்களின் கால்கள் 29 வீதம் கூடுதலாக விறைத்துக்கொண்டன.

இந்த இரண்டாவது முடிவிலேதான் பொருளின் சாரம் அடங்கியுள்ளது. தளம் மென்மையானதும், கால் தன்னைக் கடினமாக்கிக்கொள்கின்றது. தளம் கடினமானால், முழங்காலைக் கூடுதலாக மடக்கித் தன்னை மென்மையாக்கிக்கொள்கின்றது. புதிய தரையில் வைக்கும் முதல் அடியிலேயே இம்மாற்றம் நிகழ்ந்துவிடுவதை 1999ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது. காலும் தளமும் இணைந்து ஒரே வில்லாக இயங்குகின்றன என்பது இதன் கருத்து. ஆதலின், தளம் தணித்த அதிர்ச்சி முழுவதும் மூட்டுக்கு மிச்சமாகும் என்று கணக்கிடுதல் தவறு. “எங்கள் பொறி அதிர்ச்சியை இத்தனை வீதம் குறைக்கின்றது” என்னும் விளம்பரத்தைக் காண்போர், எந்தத் தரையோடு ஒப்பிட்டு, எந்த எடையுள்ளவர், எந்த வேகத்தில் ஓடியபோது அளந்தனர் என்று வினவுதல் வேண்டும். அவ்விவரங்கள் இல்லாத எண் வெறும் எண்ணே.

அன்றியும், அதிர்ச்சி முற்றிலும் பகையன்று. எலும்பு தன்மீது ஏறும் சுமைக்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளும் உயிருள்ள பொருள். சுமை நீங்கினால் அது தேயும். எடையற்ற விண்வெளியில் மாதக்கணக்காக வாழ்வோரின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1½ வீதம் வரை அடர்த்தி இழப்பது இதற்குச் சான்று. அதனைத் தடுப்பதற்கே சர்வதேச விண்வெளி நிலையத்தில் நடைப்பொறி வைக்கப்பட்டுள்ளது. தோளிலும் இடையிலும் பூட்டிய வார்களால் தளத்தை நோக்கி இழுக்கப்பட்ட நிலையிலேயே அங்குள்ளோர் ஓடுகின்றனர். 2007ஆம் ஆண்டில் சுனிதா வில்லியம்ஸ் பொஸ்ரன் மரதன் ஓட்டத்தின் முழுத் தூரத்தையும் அங்கிருந்தவாறே ஓடி முடித்தார். 2009ஆம் ஆண்டில் அங்கு அனுப்பப்பட்ட பொறி, வில்களாலும் தணிப்பிகளாலும் தாங்கப்பட்டது. அத்தாங்கிகளின் முதன்மையான பணி, காலடியின் அதிர்வு நிலையத்தின் உடலுக்கும் நுண்ணிய பரிசோதனைகளுக்கும் செல்லாது காப்பதாகும். ஓடுபவரின் எலும்புக்கோ அத்தாக்கம் மருந்தாகின்றது.

இவற்றைக் கொண்டு நோக்கினால், தணிப்பை மாற்றும் குமிழின் பயன் தெளிவாகும். நோவு தணிந்து மீண்டும் நடக்கத் தொடங்குபவர் மென்மையான தளத்தில் தொடங்கலாம். எனினும் உடல்நிலைக்கு ஏற்றது எது என்பதை வைத்தியரே கூறவேண்டும். சமநிலை குன்றிய முதியவருக்கு மிகையாக அமிழும் தளம் தள்ளாட்டத்தைத் தரக்கூடும். அவருக்குச் சற்று உறுதியான தளமும், பிடித்துக்கொள்ளும் கைப்பிடியும் பாதுகாப்பானவை. தார் வீதியில் நிகழும் போட்டிக்குப் பயில்பவர் எப்பொழுதும் மெத்தை போன்ற தளத்திலேயே ஓடினால், வீதியின் கடினம் அவருக்குப் புதிதாகத் தோன்றும். ஆகவே வாரந்தோறும் சிறிது சிறிதாகத் தளத்தை இறுக்கிக்கொள்ளுதல் தக்கது. பாரமானவர் ஓடும்போது ‘தொம்’ என்று அடிதட்டும் ஓசை கேட்டால், தளம் அவருக்கு மென்மை மிகுந்தது என்று அறியலாம்.

பொறியை நிறுத்திய பின்னரே குமிழைத் திருப்புதல் வேண்டும். இடமும் வலமும் ஒரே அளவில் அமைந்துள்ளனவா என்று பார்த்தலும் அவசியம். ஒரு பக்கம் தாழ்ந்த தளம், சரிந்த வீதியில் நடப்பது போல் கணுக்காலை ஒருபுறமாகச் சாய்க்கும். இறப்பர் காலப்போக்கில் இறுகி வெடிக்கும் இயல்புடையதாதலால், ஆண்டுகள் சென்ற பொறியில் குமிழ் ‘மென்மை’ என்று காட்டினாலும் தளம் கடினமாயிருக்கக் கூடும். அத்தகைய துண்டுகளை மாற்றுதல் நன்று.

இயற்கை தந்த காலே முதலாவதும் முதன்மையானதுமான அதிர்ச்சி தாங்கி. தொடைத் தசைகளை வலுப்படுத்துதலும், உடல் எடையைக் காத்தலும், வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுதலும் அத்தாங்கியைப் பேணும் வழிகளாகும். நடைப்பொறியின் தளம் அதற்குத் துணைநிற்கும் இரண்டாவது தாங்கி. அதனை மிகவும் மென்மையாக்கிக்கொள்ளாமலும் மிகவும் கடினமாக்கிக்கொள்ளாமலும், தத்தம் எடைக்கும் வேகத்துக்கும் நோக்கத்துக்கும் இசையத் திருப்பிக்கொள்பவரே அவ்வசதியின் பயனை முழுமையாகப் பெறுவர்.