தாம்பரத்துக்கு அப்பால் ஒரு வீடு

சென்னையில் மாதச் சம்பளத்தைக் கொண்டு காலட்சேபம் செய்யும் குடும்பஸ்தர்கள் பலர், மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ வீடு வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு வெகு காலமாயிற்று. தாம்பரத்தைத் தாண்டி, பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர் என்று செங்கற்பட்டு வரையில் ரயில் பாதையை ஒட்டி வளர்ந்துவரும் ஊர்களே அவர்களுடைய கைக்கு எட்டுகின்றன. ஞாயிற்றுக்கிழமை தோறும் மனைவி மக்களுடன் அங்கே போய் வீடு பார்த்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று இரவெல்லாம் விவாதித்துக் கொண்டிருக்கும் குடும்பங்கள் எத்தனையோ! இது அவரவர் சொந்தக் காரியம், பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஒரு தலைமுறையின் உழைப்பு முழுவதும் எந்த மண்ணில் கொண்டுபோய்க் கொட்டப்படுகிறது என்பது, ஜில்லாவின் ஏரிகளையும் ஸ்தல ஸ்தாபனங்களின் நிர்வாகத்தையும் தொட்டு நிற்கும் பொது விஷயம் என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். சொந்த வீட்டின்மேல் நம்மவர்களுக்கு உள்ள ஆசையை வெறும் மோகம் என்று பரிகசிப்பது நியாயமன்று. வாடகைக்கு வீடு தேடிப் பட்டணத்துத் தெருக்களில் அலைந்தவனுக்குத்தான் அந்த ஆசையின் மூலம் தெரியும். வீட்டுக்காரர் முதலில் கேட்பது பெயரை. பெயரிலிருந்து மதம் தெரிந்துவிடுகிறது. அடுத்து உணவைக் கேட்கிறார். அதிலிருந்து ஜாதியை ஊகித்துக்கொள்கிறார். பலகையில் “வீடு வாடகைக்கு” என்றிருந்தும், வாசற்படியில் “இப்பொழுதுதான் கொடுத்துவிட்டோம்” என்ற பதில் வருகிறது. இவையெல்லாம் கடந்து உள்ளே குடிபுகுந்தாலும், பதினோரு மாதம் முடிந்ததும் வாடகையை உயர்த்து அல்லது காலி செய் என்ற பேச்சு வருகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நடு வருஷத்தில் மாறுகிறது. இந்த அவமானத்துக்கு விடை தேடித்தான் மனிதன் கடன் வாங்கியாவது நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் நான்கு சுவர்களை நாடுகிறான்.

பட்டணம் தெற்கே நகர்வதும் புதிதன்று. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, அந்தப் பாதை நெடுக ஊர்கள் வளர்ந்தன. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே மாம்பலத்தில் தியாகராய நகர் உருவாகத் தொடங்கியிருந்தது. அங்கே பெரிய ஏரி ஒன்றைத் தூர்த்துத்தான் நகரம் எழுப்பினார்கள். அந்தப் பாவத்தை ஒவ்வொரு மழைக்காலத்திலும் இன்று வரை அந்த நகர் அனுபவித்து வருகிறது என்பது வேறு விஷயம். ஆனால் அக்காலத்தவர் செய்த ஒரு காரியத்தைக் கவனிக்கவேண்டும். முதலில் நகரத் திட்டம் வரைந்தார்கள், சாலைகளை அளந்தார்கள், நடுவில் பூங்காவுக்கு இடம் ஒதுக்கினார்கள், அதன் பிறகே மனைகளை விற்றார்கள். தாம்பரத்துக்கு அப்பால் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. மறைமலைநகரைப்போலத் திட்டமிட்டு எழுப்பிய ஊர் ஒன்றிரண்டு நீங்கலாக, வயலைக் கூறு போட்டு விற்கிறார்கள், வீடுகள் எழும்புகின்றன, குடித்தனங்கள் வந்து சேர்கின்றன, அதன் பிறகு சாலை, வடிகால், குடிநீர் ஆகியவற்றுக்காக மனுக் கொடுக்கும் படலம் ஆரம்பமாகிறது.

அங்கே வீடு மலிவாயிருப்பதன் ரகசியமும் இதுவே. தூரம் ஒரு காரணந்தான். ஆனால் பட்டணத்தின் பழைய பகுதியில் வீடு வாங்குகிறவன், சுவரோடு சேர்த்துப் பாதாளச் சாக்கடையையும், குழாய்த் தண்ணீரையும், வாசலில் நிற்கும் பஸ்ஸையும் வாங்குகிறான். புறநகரில் வாங்குகிறவனுக்குப் பல இடங்களில் சுவர் மட்டுமே கிடைக்கிறது. மற்றவற்றை அவன் மாதந்தோறும் தவணை முறையில் வாங்கிக்கொண்டிருக்கிறான்: கோடையில் தண்ணீர் லாரிக்குப் பணம், குடிப்பதற்குக் கேன் தண்ணீர், கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் அதை உறிஞ்ச வரும் லாரிக்குப் பணம், ரயில் நிலையத்துக்குப் போக மோட்டார் சைக்கிளும் பெட்ரோலும். இந்தச் செலவுகள் விற்பனைப் பத்திரத்தில் இல்லை. ஆகவே ஐம்பது லட்சத்து வீட்டின் விலை ஐம்பது லட்சம் அன்று.

கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். ஐம்பது லட்ச ரூபாய்க்கு ஒரு தனி வீடு என்று வைத்துக்கொள்வோம். முப்பது லட்சத்துக்கு மேல் எழுபத்தைந்து லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் நூற்றுக்கு 80-க்கு மேல் பாங்கி கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் பாங்கியின் விதி. எனவே கையிலிருந்து பத்து லட்சம் போடவேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவிகிதமும் பதிவுக் கட்டணம் 2 சதவிகிதமுமாக இன்னும் நாலரை லட்சம். பாக்கி நாற்பது லட்சத்துக்கு 8½ சதவிகித வட்டியில் இருபது வருஷக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். முதல் மாதத் தவணையில் 28,333 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது ஆறாயிரத்துச் சொச்சந்தான். இருபது வருஷம் முடியும்போது நாற்பது லட்சத்துக்காகக் கட்டியிருக்கும் மொத்தத் தொகை 83 லட்சத்தைத் தாண்டிவிடும்.

அதே வீடு வாடகைக்கு 14,000 ரூபாய்க்குக் கிடைப்பதாகக் கொள்வோம். வருஷத்துக்கு 5 சதவிகிதம் வாடகை உயர்ந்தாலும், பதினெட்டு தடவை உயர்ந்த பிறகுதான் அது 33,700 ரூபாயை எட்டும். அப்பொழுதும் தவணைக்குச் சற்றுக் குறைவுதான். முன்னால் போட்ட பதினாலரை லட்சம் வேறு எங்கேனும் இருந்தால் அதற்கும் வட்டி வந்திருக்கும். “வாடகை கொடுப்பதெல்லாம் வீண் செலவு; தவணை கட்டுவதெல்லாம் சேமிப்பு” என்ற பேச்சு இதற்குமேல் நிற்காது. எனினும் மறு பக்கத்தையும் மறைக்கலாகாது. இருபதாம் வருஷத்தில் கடன்காரன் வீட்டுக்காரனாகிறான். வாடகைக்காரனுக்கு வாடகை நிற்பதில்லை. கட்டாயம் இருந்தாலன்றிச் சேமிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்குப் பாங்கியின் தவணை ஒரு நல்ல உபாத்தியாயர் என்பதும் மெய்யே.

தவணையும் நிலையாக நிற்பதன்று. 2022 மே மாதத்தில் 4 சதவிகிதமாயிருந்த ரிசர்வ் பாங்கியின் ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6½ சதவிகிதமாயிற்று. மலிவான வட்டியை நம்பி 2021-ல் கடன் வாங்கியவர்களில் பலருக்கு வருஷக்கணக்கில் தவணைக் காலம் நீண்டது. 2025-ல் வட்டி இறங்கியது உண்மை. இறங்கியது மீண்டும் ஏறாது என்று யார் ஜாமீன் கொடுப்பார்கள்? இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டில் ஒருவர் சம்பளம் நின்றாலும் ஆறு மாதம் தவணை கட்டக்கூடிய கையிருப்பு இல்லையானால் பத்திரத்தில் கையெழுத்திடுவது விவேகமன்று.

பிரயாண விஷயத்தில் தரகர்கள் சொல்லும் நிமிஷக் கணக்கை நம்பவேண்டியதில்லை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே அடிக்கடி ரயில் உண்டு. தாம்பரத்துக்கு அப்பால் அந்த எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. இரவு எட்டு மணிக்குக் காரியாலயத்தை விட்டு வருகிறவன் வண்டிக்காக நிற்கும் நேரமும் வீட்டு விலையைச் சேர்ந்ததே. போக வர மூன்று மணி நேரம் என்றால், மாதத்துக்கு இருபத்தைந்து நாளில் எழுபத்தைந்து மணி நேரம். குழந்தையின் முகத்தைத் தூக்கத்தில் மட்டும் பார்க்கும் தகப்பனாகச் சம்மதமா என்பதையும் யோசிக்கவேண்டும். மனைவியும் உத்தியோகத்துக்குப் போகிறவரானால், ரயிலடியிலிருந்து வீடு வரையில் தெருவிளக்கு எரிகிறதா என்பதை அவரே ஒருநாள் இருட்டிய பிறகு நடந்து பார்த்து அபிப்பிராயம் சொல்லட்டும். வீட்டைப் பார்க்கும் காரியத்தைப் பகலில் ஆண்கள் மட்டும் போய் முடித்துவிடும் வழக்கம் சரியன்று.

இனித் தண்ணீர். செங்கற்பட்டு ஜில்லா ஏரிகளின் ஜில்லா. நம் முன்னோர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஏரியின்பின் ஏரியாக வெட்டி, ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும்படி சங்கிலி போட்டு வைத்தார்கள். ஏரிக்கரைக்குக் கீழே மதகுப் பாய்ச்சலில் இருந்த நிலம் நஞ்சை. தண்ணீர் தானாக வந்து நிற்கவேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த தாழ்ந்த பூமி அது. அந்த நஞ்சைதான் இன்று மனையாகிறது. ஏரி நிறைந்து கலங்கல் வழியும்போது நீர் தன் பழைய பாதையைத் தேடி வருகிறது. பாதையில் சுவர் இருந்தால் சுவருக்குள் வருகிறது. இதில் இயற்கையின் சீற்றம் என்று சொல்ல என்ன இருக்கிறது?

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர்தான் அடையாற்றின் தொடக்கம். அந்த ஆறு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. கடன் தவணை பாக்கியிருந்த வீடுகளின் மாடியிலிருந்து ஜனங்களைப் படகில் இறக்கினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது புறநகரின் பல பகுதிகள் மறுபடி நீரில் நின்றன. வேடிக்கை என்னவென்றால், இதே பட்டணம் 2019 கோடையில் குடிநீர் ஏரிகள் நான்கும் வறண்டு லாரிக்குக் குடத்தோடு காத்து நின்றது. வெள்ளமும் வறட்சியும் ஒரே ஏரியை இழந்ததன் இரண்டு பலன்கள்.

ஆகவே வீட்டைப் பார்க்குமுன் கிராமக் கணக்கைப் பார்க்கவேண்டும். சர்வே எண்ணைக் கொண்டு ‘அ’ பதிவேட்டில் அந்த நிலம் நஞ்சையா, புஞ்சையா, நீர்நிலைப் புறம்போக்கை ஒட்டியதா என்று அறியலாம். புலப்படத்தில் வாய்க்கால் எங்கே ஓடியது என்பதும் தெரியும். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம், 2015-ல் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டால் சுவரில் கையை வைத்துக் காட்டுவார். விற்பனை விளம்பரத்தின் வர்ணப்படத்தைவிட அந்தக் கை நம்பத் தக்கது.

பத்திர விஷயங்கள் பலரும் அறிந்தவை. மூலப் பத்திரம், பட்டா, முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றை விற்பவருக்குச் சம்பந்தமில்லாத வக்கீல் ஒருவரிடம் காட்டவேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று சென்னை ஹைகோர்ட் 2016 செப்டம்பரில் தடை விதித்தது; 2017-ல் சர்க்கார் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. வரன்முறை செய்த மனை என்றால் அதற்குரிய உத்தரவைக் கண்ணால் பார்க்கவேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலாகவோ கட்டி விற்பவர், 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். அந்த எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் கொடுப்பவர் தம் பணத்தைத் தாமே தெருவில் வைக்கிறார்.

“இன்னும் மூன்று வருஷத்தில் விலை இரட்டிப்பாகும், ஸார்” என்பது தரகரின் கடைசி அஸ்திரம். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டதிலிருந்து அந்த அஸ்திரத்துக்குக் கூர்மை அதிகம். விமான நிலையத்திலிருந்து அங்கே மெட்ரோ ரயிலும் வரும் என்ற திட்டம் பல வருஷங்களாகப் பேசப்பட்டு வருகிறது. வரப்போகும் ரயிலுக்கு இன்றே விலை கொடுப்பவர், அது வரும் வரையில் இருக்கும் ரயிலில்தான் போகவேண்டும். மறைமலைநகரில் ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலை நிரந்தரம் என்று எண்ணி அதன் சுற்றுப்புறத்தில் குடியேறியவர்கள், உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அந்தக் கம்பெனி அறிவித்தபோது என்ன மனநிலையில் இருந்திருப்பார்கள்? வேலை போன ஊரில் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊர் போவது, வாடகை வீட்டைக் காலி செய்வதுபோல் சுலபமன்று.

நாம் சொல்லும் யோசனை எளிதானது. வாங்க நினைக்கும் ஊரில், முடிந்தால் அதே தெருவில், ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஓர் ஐப்பசி கார்த்திகையும் ஒரு சித்திரை வைகாசியும் கழியட்டும். அதற்குள் விலை ஏறிவிடுமே என்று பயப்படுகிறவர்கள், ஏறக்கூடிய தொகையையும், தவறான இடத்தில் இருபது வருஷம் சிக்கிக்கொள்வதன் நஷ்டத்தையும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்க்கட்டும். உத்தியோகம் அந்தப் பக்கத்திலேயே இருப்பவர், பதினைந்து வருஷமாவது அங்கே வசிக்கத் தீர்மானித்தவர், தவணை போக மீதிச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடிகிறவர், மேட்டு நிலத்தில் ரயிலடிக்கு நடக்கும் தூரத்தில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். லாபத்துக்கு விற்கலாம் என்ற எண்ணம் மட்டும் உள்ளவர் வாங்காமலிருப்பதே அவருக்கும் ஊருக்கும் நல்லது. பூட்டிக்கிடக்கும் வீடுகள் நிறைந்த நகரில் வடிகாலுக்காக வாதாட யாரும் இருப்பதில்லை.

வாதாடுவது அவசியமா என்றால், அவசியந்தான். 2021-ல் ஐந்து முனிசிபாலிடிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது, முடிச்சூரும் வண்டலூரும் ஊரப்பாக்கமும் அதில் சேரவில்லை. ஒரே சாலையின் இருமருங்கிலும் வேறு வேறு நிர்வாகம். ஆனால் மழைநீர் எல்லைக் கல்லைப் படித்துவிட்டு ஓடுவதில்லை. சிட்லபாக்கத்தில் 2019-ஆம் வருஷத்து வறட்சியின்போது குடியிருப்பவர்களே கூடி ஏரியில் இறங்கித் தூர் வாரினார்கள். சர்க்கார் நிதியும் அந்த ஏரிக்கு வந்து சேர்ந்தது. அவர்களிலும் எத்தனையோ பேர் மலிவு விலைக்காகப் பட்டணத்திலிருந்து போனவர்களே. வீடு வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும், அந்த மனை எந்த ஸ்தல ஸ்தாபனத்தின் எல்லைக்குள் வருகிறது, இந்த வருஷம் அங்கே வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு மனு எழுதிக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வரவேண்டும். அதுவரையில் முன்பணத்தைக் கையிலேயே வைத்திருக்கலாம்.