மர முகம்தான்... ஆனா அழும், கோபப்படும்! கையுறை பொம்மலாட்டத்தின் சூட்சுமம் என்ன?

வால்பாறையிலிருந்து அதிரப்பள்ளி வழியா சாலக்குடிக்கு இறங்கினால், அதற்குப் பக்கத்து ஊர் இரிஞ்ஞாலக்குடா. அங்கே ஜி.வேணு 1975-ல் தொடங்கிய ‘நடன கைரளி’ அமைப்புதான், பாலக்காடு மாவட்டத்தில் அழியும் நிலையில் இருந்த ‘பாவக்கதகளி’யை மீட்டது. கதகளி வேடம் போட்ட குட்டி பொம்மைகளை கையில் மாட்டிக்கொண்டு ஆடும் கலை இது.

எல்லாமே விரல் வித்தைதான். ஆட்காட்டி விரல் பொம்மையின் தலைக்குள் போகும். கட்டைவிரல் ஒரு கை, நடுவிரல் மறு கை. சீனாவின் ஃபூஜியன், தைவான் பகுதிகளில் ஆடப்படும் கையுறை பொம்மலாட்டத்திலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். மறு கைக்கு மட்டும் மீதி மூன்று விரலும் சேர்ந்து போகும்.

முகம் அசையாதே, அப்புறம் அழுகை எப்படி வரும்? ஆட்காட்டி விரலை மெதுவா மடக்கினா பொம்மை தலைகுனியும். அதோட லேசா நடுங்கினா அழுகை. மணிக்கட்டை வெடுக்குனு திருப்பினா கோபம். வேகம் கொஞ்சம் தப்பினாலும் உணர்ச்சி மாறிடும். பாவக்கதகளியில் கலைஞர் திரைக்குப் பின்னால் ஒளிவதில்லை. பொம்மையோட அவர் முகமும் சேர்ந்தே நடிக்கும்.

நீங்களும் சோதிச்சுப் பாருங்க. நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி, உள்ளங்கையை மேசையில் வையுங்க. இப்போ மோதிர விரலைத் தூக்குங்க. அடம்பிடிக்குதா? பக்கத்து விரலின் தசைநாணோடு அது இணைஞ்சிருக்கு. பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டிக்கிட்டு, முதல்ல ஆட்காட்டி விரலால் ‘ஆமாம்’ சொல்லப் பழகலாம். ‘இல்லை’ சொல்ல மணிக்கட்டு வேணும், அது கொஞ்சம் கஷ்டம்.